சாயக்கழிவுநீருக்கு எந்த வினையூக்கி? ஃபென்டன், ஓசோன், வெயிலில் இயங்கும் நானோ பவுடர்: ஓர் ஒப்பீடு

திருப்பூர், ஈரோடு, கரூர் வட்டாரத்துச் சாயப்பட்டறைக்காரர்களும் பொது சுத்திகரிப்பு நிலையங்களில் வேலை பார்க்கும் வேதியியல் பட்டதாரிகளும் கேட்கும் கேள்வி பெரும்பாலும் ஒன்றுதான். உயிரியல் தொட்டியைத் தாண்டி வந்த நீரில் இன்னும் நிறம் இருக்கிறது, சி.ஓ.டி. (நீரிலுள்ள கரிம மாசை எரிக்கத் தேவைப்படும் ஆக்சிஜன் அளவு) இறங்க மறுக்கிறது, நீரிலிருந்து உப்பைப் பிரிக்கும் ஆர்.ஓ. சவ்வு சீக்கிரம் அடைத்துக்கொள்கிறது. நடுவில் ஏதாவது ஒன்றைச் சேர்க்க வேண்டும். ஒருவர் வந்து நானோ பவுடரைக் கலக்கி வெயிலில் வைத்தால் போதும் என்கிறார். இன்னொருவர் ஓசோன் போட்டால் கசடே வராது என்கிறார். பக்கத்துப் பட்டறையில் இரும்பு உப்பும் ஹைட்ரஜன் பெராக்சைடும் சேர்க்கும் ஃபென்டன் முறை ஓடுகிறது. எதை எடுப்பது?

2011 ஜனவரியில் சென்னை உயர்நீதிமன்றம் திருப்பூர் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னதற்குப் பிறகு, சொட்டு நீரும் நொய்யலுக்குப் போகாத ‘ஜீரோ டிஸ்சார்ஜ்’ முறைதான் அங்கே தொழில் நடத்த ஒரே வழி. அதனால் இந்தக் கேள்வி நீர் எவ்வளவு சுத்தமாகிறது என்பதோடு நிற்பதில்லை. இங்கே சேர்க்கும் ஒவ்வொரு கிராம் ரசாயனமும் கடைசியில் ஆவியாக்கியில் கலப்பு உப்பாகவோ, ஃபில்டர் பிரஸ்ஸில் கசடாகவோ, சவ்வின் மேல் படிவாகவோ வந்து நிற்கும். அதைக் கணக்கில் எடுக்காத ஒப்பீடு பட்டறைக்குப் பயன்படாது.

## எதை வைத்து எடைபோடுவது

முதலில் வேண்டியது எது என்று பிரித்துக்கொள்ளுங்கள்: நிறமா, சி.ஓ.டி.யா? இரண்டும் ஒன்றல்ல. ரியாக்டிவ் சாயத்தின் நிறம் பெரும்பாலும் இரண்டு நைட்ரஜன் அணுக்களுக்கு நடுவில் உள்ள அசோ பிணைப்பில் இருக்கிறது. அந்த ஓரிடம் உடைந்தால் நிறம் போய்விடும், ஆனால் மூலக்கூறின் மீதித் துண்டுகள் நீரிலேயே கிடக்கும். சி.ஓ.டி. குறைய வேண்டுமென்றால் அந்தத் துண்டுகளையும் கார்பன் டை ஆக்சைடு வரை எரிக்க வேண்டும். அதற்கு ஆகும் செலவு பல மடங்கு. நிறம் போனதைக் காட்டியே சி.ஓ.டி. போனதாக நம்பவைப்பதுதான் இந்தத் துறையில் அதிகம் நடக்கும் ஏமாற்று.

அடுத்தது நீரின் காரத்தன்மையும் (கரைந்த கார்பனேட், பைகார்பனேட் அளவு) பி.எச்.சும். ஃபென்டன், ஒளிவினையூக்கி (வெயிலில் இயங்கும் நானோ பவுடர்), காரநீரில் ஓசோன் எல்லாவற்றுக்கும் பின்னால் வேலை செய்வது ஹைட்ராக்சில் ரேடிக்கல் என்ற, ஒரு நொடியின் சிறு பங்குகூட உயிரோடு இருக்காத துகள். எதிர்ப்பட்டதை அது தாக்கும். சோடா ஆஷ் போட்ட சாயக்குளியலின் பி.எச். 10 முதல் 11 வரை இருக்கும். அங்கே கார்பனேட் நிறைய. கார்பனேட் இந்த ரேடிக்கலைப் பிடிக்கும் வேகம் பைகார்பனேட்டைப் போல சுமார் 45 மடங்கு. ஆகவே பி.எச். 8-ல் சமாளிக்கக்கூடிய இழப்பு, பி.எச். 10.5-ல் பாதிக்கு மேல் போய்விடும். சுத்திகரிக்காத கழிவுநீரில் நேராக இந்த முறைகளைப் போட்டுப் பார்த்து “வேலைக்காகவில்லை” என்று கைவிட்டவர்கள் பலர் மாட்டிக்கொண்ட இடம் இதுதான்.

மூன்றாவது, உப்பு. குளியலில் லிட்டருக்கு 40 முதல் 80 கிராம் வரை உப்பு போடுகிறோம். அலசல் நீரோடு கலந்தபின் குறைந்தாலும் லிட்டருக்குச் சில கிராம் நிற்கும், ஆர்.ஓ. ஒதுக்கித் தள்ளும் அடர்நீரில் (ரிஜெக்ட்) மறுபடி பல மடங்கு ஏறும். அமில நீரில் குளோரைடும் ரேடிக்கலைத் தின்னும். அத்தோடு குளோரின் ஏறிய கரிமப்பொருள்களையும் உண்டாக்கலாம்.

நான்காவது, முறையின் வால். கசடு, மிச்ச பெராக்சைடு, மிச்ச இரும்பு, மிச்ச ஓசோன், சவ்வுக்குப் போகும் நானோ துகள் எல்லாம் இதில் அடக்கம். கடைசியாக இடமும் நேரமும். நிலையம் இரவு பகலாக ஓடுகிறது, வெயில் அப்படி இல்லை.

கீழே வரும் கணக்குகளுக்கெல்லாம் ஒரே மாதிரி நீரை வைத்துக்கொள்வோம்: உயிரியல் தொட்டிக்குப் பின், சி.ஓ.டி. லிட்டருக்கு 250 மி.கி., காரத்தன்மை கால்சியம் கார்பனேட் கணக்கில் 800 மி.கி., பி.எச். 8. விலை மாறிக்கொண்டே இருப்பதால் அளவுகளை மட்டும் தருகிறோம். உங்கள் கொள்முதல் விலையால் பெருக்கிக்கொள்ளுங்கள்.

## ஃபென்டன்: அன்னபேதியும் பெராக்சைடும்

சித்த மருத்துவத்தில் அன்னபேதி என்று சொல்லும் பெரஸ் சல்பேட்தான் இங்கே வினையூக்கி. பெராக்சைடோ ப்ளீச்சிங்குக்காக ஏற்கெனவே பட்டறையில் டிரம் டிரம்மாக இருக்கும் சரக்கு. இந்த முறைக்கு முதல் வலு இதுதான்: இரண்டு சரக்குமே உள்ளூரில் கிடைக்கும், ஆட்களுக்குக் கையாளத் தெரியும்.

ஒரு கன மீட்டருக்குக் கணக்கு இப்படி வரும். ஒரு கிராம் சி.ஓ.டி.யை முழுதாக எரிக்கக் கோட்பாட்டளவில் 2.125 கிராம் பெராக்சைடு வேண்டும். 250 கிராமுக்கு 531 கிராம், அதாவது 50 சத சரக்கில் சுமார் 1.06 கிலோ. பெராக்சைடில் பத்தில் ஒரு பங்கு எடைக்கு இரும்பு என்றால் 53 கிராம். அன்னபேதியில் ஐந்தில் ஒரு பங்குதான் இரும்பு என்பதால் சுமார் 265 கிராம் அன்னபேதி. பி.எச்.சை 3-க்கு இறக்க, முதலில் காரத்தன்மை முழுவதையும் கொல்ல வேண்டும். அதற்கும் மேலே கொஞ்சத்துக்கும் சேர்த்து 98 சத கந்தக அமிலம் சுமார் 0.85 கிலோ. திரும்ப ஏற்ற காஸ்டிக் சோடா 120 கிராம் அளவில் போதும், ஏனென்றால் போன காரத்தன்மை கார்பன் டை ஆக்சைடாக வெளியேறிவிட்டது.

ஃபென்டன் போட்டால் டி.டி.எஸ். (கரைந்த உப்புகளின் மொத்த அளவு) ஏறிவிடும் என்ற பயம் பரவலாக உண்டு. இந்த நீருக்குக் கணக்குப் போட்டால் மொத்தம் ஏறக்குறைய அப்படியே நிற்கிறது. பைகார்பனேட் போன இடத்தில் சல்பேட் வருகிறது, அவ்வளவுதான். ஆர்.ஓ.வில் கார்பனேட் படிவு குறையும். ஆனால் பி.எச். ஏற்ற காஸ்டிக்குக்குப் பதில் மலிவாகக் கிடைக்கிறதே என்று சுண்ணாம்பு போட்டால், கால்சியமும் சல்பேட்டும் சேர்ந்து ஜிப்சம் படியும். அமிலக் கழுவலுக்கு அது எளிதில் மசியாது. சுண்ணாம்பில் மிச்சம் பிடித்த காசு சவ்வில் போய்விடும்.

பெரிய அளவுக்குப் போகும் முன் அரை லிட்டரில் செய்து பாருங்கள்:

1. சல்ஃபர் பிளாக் போன்ற கந்தகச் சாயம் ஓடும் பட்டறை நீர் என்றால், அமிலம் சேர்க்கும் முன் சல்ஃபைடு இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் பி.எச். இறங்கும்போது ஹைட்ரஜன் சல்ஃபைடு வாயு கிளம்பும். மூடிய அறையில் அது உயிரை எடுக்கும். சல்ஃபைடைக் காற்றடித்தோ பெராக்சைடாலோ முதலில் தீர்த்துவிட்டுத்தான் அமிலம்.
2. நீர்த்த கந்தக அமிலத்தை மெதுவாகச் சேர்த்து பி.எச். 3-க்குக் கொண்டுவாருங்கள். நுரைத்துப் பொங்கும், பெரிய பீக்கர் எடுத்துக்கொள்ளுங்கள்.
3. அன்னபேதியின் 1 சதக் கரைசல் 13 மி.லி. அன்றே கரைத்தது வேண்டும். நேற்றைய கரைசல் பழுப்பாகியிருந்தால் இரும்பு ஏற்கெனவே பெரிக் (ஆக்சிஜனேறிய, இந்த வேலைக்கு மந்தமான வடிவம்) ஆகிவிட்டது.
4. 50 சத பெராக்சைடு 0.44 மி.லி. பத்து மடங்கு நீர்த்து, 20 நிமிடத்தில் நான்கு தவணையாக விடுங்கள். ஒரேயடியாகக் கொட்டினால் மிகையான பெராக்சைடே ரேடிக்கலைத் தின்றுவிடும்.
5. ஒரு மணி நேரம் கலக்கி, பி.எச். 8-க்கு ஏற்றி, அரை மணி நேரம் விட்டு, லிட்டருக்கு 1 மி.கி. ஆனயானிக் பாலிமர் (கசடைத் திரட்டும் சரக்கு) போட்டுத் தெளிய விடுங்கள்.

ஐந்தாவது படியில் அந்த அரை மணி நேரத்தைச் சுருக்கக் கூடாது. பி.எச். ஏறியதும் மிச்ச பெராக்சைடு இரும்போடு சேர்ந்து ஆக்சிஜன் குமிழிகளாகச் சிதையும். குமிழி ஒட்டிய கசடு அடியில் படியாமல் மேலே மிதக்கும். கிளாரிஃபயரில் (கசடு படியும் தொட்டி) பழுப்புப் பாய் போல மிதப்பதைப் பார்த்து ஆட்கள் பாலிமரைக் கூட்டிக்கொண்டே போவார்கள், அடங்காது. நடுவில் காற்றுக்குமிழி வெளியேற ஒரு தொட்டி வைத்தால் அடங்கும்.

இன்னொரு பொறி சி.ஓ.டி. பரிசோதனை. மிச்சமிருக்கும் ஒவ்வொரு மி.கி. பெராக்சைடும் 0.47 மி.கி. சி.ஓ.டி.யாகக் கணக்கில் வரும். லிட்டருக்கு 100 மி.கி. பெராக்சைடு இருந்தால் 47 பொய்யாகக் கூடும். ஃபென்டனே பயனில்லை என்று தோன்றிவிடும். சாயத்துக்கு முன் ப்ளீச்சைக் கொல்லப் பட்டறையில் வைத்திருக்கும் அதே ‘பெராக்சைடு கில்லர்’ நொதியில் சில துளிகள் போதும். அந்த நொதியே சேர்க்கும் சி.ஓ.டி.யைத் தெரிந்துகொள்ள, வெறும் நீரில் அதே அளவு போட்டு ஒரு பிளாங்க் வைக்க வேண்டும்.

மறக்கக் கூடாத ஒப்பீட்டு பீக்கர் ஒன்று உண்டு: பெராக்சைடு இல்லாமல், அதே அளவு இரும்பைப் பெரிக் உப்பாகப் போட்டு வெறும் உறைதல் (மாசைத் திரளவைத்துக் கசடாகப் படியவைப்பது) மட்டும். பல சாயநீர்களில் ஃபென்டனுக்குக் கிடைக்கும் பெயரில் கணிசமான பங்கு உறைதல் செய்த வேலை. அதிலேயே தேவை தீர்ந்துவிட்டால் பெராக்சைடை ஏன் வாங்க வேண்டும்?

மறைசெலவு கசடுதான். 53 கிராம் இரும்பு சுமார் 100 கிராம் ஹைட்ராக்சைடாகும். பிரஸ்ஸில் 30 சதத் திடப்பொருள் வரை பிழிந்தால் சுமார் 340 கிராம் ஈரக் கேக். நாளுக்கு 1,000 கன மீட்டர் ஓட்டும் நிலையத்தில் நாளொன்றுக்கு 340 கிலோ, சாயமும் கரிமமும் ஒட்டியதைத் தனியாகச் சேர்க்க வேண்டும். இதை அபாயக் கழிவாகத்தான் சேமித்து அனுப்ப வேண்டும். மிச்ச இரும்பும் மிச்ச பெராக்சைடும் சேர்ந்து ஆர்.ஓ.வுக்குப் போனால், சவ்வின் மேலேயே ஒரு குட்டி ஃபென்டன் நடந்து பாலிஅமைடு கிழியும். இரண்டில் ஒன்றையாவது முழுதாக நிறுத்தியாக வேண்டும். இரண்டையும் நிறுத்துவதே நல்லது.

பொருந்தும் இடம்: அடர்த்தியான நிறம், சில நூறு சி.ஓ.டி., மிதமான குளோரைடு, கசடைக் கையாள ஏற்கெனவே பிரஸ் இருக்கும் நிலையம்.

## ஃபோட்டோ-ஃபென்டன்: அதே வேதியியல், வெயிலோடு

சாதாரண ஃபென்டனில் பெரஸ் இரும்பு பெரிக் ஆனதும் வேகம் விழுந்துவிடும், திரும்ப பெரஸ் ஆவது மெதுவாகத்தான். புற ஊதா ஒளியும் அதை ஒட்டிய ஊதா ஒளியும் பட்டால் பெரிக் இரும்பு மறுபடி பெரஸ் ஆகிறது, அந்தப் படியிலேயே இன்னொரு ரேடிக்கலும் கிடைக்கிறது. அதனால் லிட்டருக்கு 10 முதல் 20 மி.கி. இரும்பே போதும். கசடு பாதிக்கும் கீழே வரும்.

ஸ்பெயினில் தபெர்னாஸ் பாலைநிலத்தில் உள்ள அல்மேரியா சூரிய ஆய்வுத்தளம் இதைப் பல ஆண்டுகளாகச் சோதித்து வருகிறது. கண்ணாடிக் குழாய்களுக்குப் பின்னால் வளைந்த அலுமினிய எதிரொளிப்பான் வைத்த அமைப்பு ஒரு வகை. 5 முதல் 15 செ.மீ. ஆழத்தில் துடுப்புச் சக்கரம் சுற்றும் வளையக் குட்டை இன்னொரு வகை. உப்பளப் பாத்தி பார்த்தவர்களுக்கு இரண்டாவது உடனே புரியும், செலவும் அதுதான் குறைவு.

ஆனால் நிறமுள்ள நீருக்கு இதில் ஒரு முரண் இருக்கிறது. லிட்டருக்கு 50 மி.கி. சாயம், மூலக்கூறு எடை 1,000, ஒளி உறிஞ்சும் கெழு 20,000 என்று வைத்துக்கொண்டால், அந்தச் சாயம் உறிஞ்சும் அலைநீளத்தில் முதல் ஒரு செ.மீ. ஆழத்திலேயே 90 சத ஒளி தீர்ந்துவிடும். அதற்குக் கீழே உள்ள நீருக்கு இரவுதான். புற ஊதாப் பகுதியிலும் சாயங்கள் கணிசமாக உறிஞ்சும். ஆகவே முதல் நிறத்தை இருட்டு ஃபென்டன் எடுத்தபின், மிச்ச சி.ஓ.டி.க்கு வெயில் என்று இரண்டு படியாக வைத்தால்தான் ஒளிக்கு வேலை கிடைக்கும். பி.எச். 3 தேவை என்பதால் அமிலச் செலவு அப்படியே இருக்கிறது. ஆக்சலேட் சேர்த்தால் ஒளியின் பெரும்பங்கு பயன்படும் என்பது உண்மை, ஆனால் ஆக்சலேட்டே ஒரு சி.ஓ.டி.

## டைட்டானியம் டை ஆக்சைடு: வெயிலில் வைத்தால் போதுமா?

1972-ல் ஃபுஜிஷிமாவும் ஹோண்டாவும் டைட்டானியம் டை ஆக்சைடு மின்வாயில் ஒளி பட்டால் நீர் பிரிவதைக் காட்டினார்கள். இந்தத் துறை முழுவதும் அதிலிருந்து கிளைத்ததுதான். ஒளி பட்டதும் துகளுக்குள் ஓர் எலக்ட்ரான் மேலேறுகிறது, கீழே ஒரு வெற்றிடம் விழுகிறது. அந்த வெற்றிடம் நீரிலிருந்து ஹைட்ராக்சில் ரேடிக்கலை உண்டாக்குகிறது. பவுடர் தீர்வதில்லை, ரசாயனம் சேர்க்க வேண்டாம், கசடு இல்லை. கேட்க எவ்வளவு நன்றாக இருக்கிறது! கணக்குக்கு வந்தால் நிலைமை வேறு.

டைட்டானியம் டை ஆக்சைடுக்கு அனடேஸ், ரூட்டைல் என்று இரண்டு படிக வகைகள் உண்டு. அனடேஸ் வகைக்குத் தேவையான ஒளி 388 நானோமீட்டருக்குக் கீழே. வெயிலில் புற ஊதா 3 முதல் 5 சதம்தான். நல்ல உச்சி வெயிலில் சதுர மீட்டருக்கு 30 வாட் புற ஊதா, நாளுக்கு 6 மணி நேரம் என்று தாராளமாகவே கொடுப்போம். ஒரு சதுர மீட்டருக்கு 648 கிலோஜூல், அதாவது ஏறக்குறைய 2 மோல் ஒளித்துகள். அதில் நூற்றுக்கு ஐந்து உருப்படியான வேலை செய்வதாகவும் தாராளமாக வைப்போம். 250 கிராம் சி.ஓ.டி.யை எரிக்க 31 மோல் எலக்ட்ரான் மாற வேண்டும். வகுத்தால் ஒரு கன மீட்டர் நீருக்குச் சுமார் 315 சதுர மீட்டர் பரப்பு. நாளுக்கு 1,000 கன மீட்டர் ஓட்டும் நிலையத்துக்கு 78 ஏக்கர். ஐப்பசி கார்த்திகை மழை மேகத்தை இன்னும் கழிக்கவில்லை. நிறம் மட்டும் போனால் போதும் என்றால் பரப்பு பல மடங்கு குறையும். ஆனால் அந்த வேலையை ஓசோன் சில நிமிடங்களில் முடித்துவிடும்.

வெயிலுக்குப் பதில் விளக்கு என்றால் மின்சாரம். ஒரு கன மீட்டரில் ஒரு மாசைப் பத்தில் ஒன்றாகக் குறைக்க ஆகும் யூனிட் என்பது இந்தத் துறையின் பொது அளவுகோல். பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்த 2018-ம் ஆண்டு மதிப்பாய்வு ஒன்றில் ஓசோனும் புற ஊதா-பெராக்சைடும் நடுத்தரமாக ஒரு யூனிட்டுக்குக் கீழே வந்தன. விளக்கொளியில் ஒளிவினையூக்கி நூறு யூனிட்டுக்கு மேல் போனது. இந்த இடைவெளியை விலைப்பட்டியலால் நிரப்ப முடியாது.

எந்தப் பவுடர் என்பதும் முக்கியம். ஆய்வகங்கள் அளவுகோலாக வைக்கும் பி25 வகையில் சுமார் 80 பங்கு அனடேஸ், 20 பங்கு ரூட்டைல், துகள் 21 நானோமீட்டர் அளவு, கிராமுக்குச் சுமார் 50 சதுர மீட்டர் மேற்பரப்பு. விலை அதிகம் என்று பெயின்ட் கடைச் சரக்கை வாங்கிப் போடுகிறவர்கள் உண்டு. அதுவும் டைட்டானியம் டை ஆக்சைடுதான். ஆனால் வெயிலில் பெயின்ட் பொடிந்து உதிரக் கூடாது என்பதற்காக, ஒளிவினை நடக்காதபடி ரூட்டைல் துகள்களுக்குச் சிலிக்கா, அலுமினா பூச்சு கொடுத்துத்தான் விற்கிறார்கள். எந்த வேலைக்கு வாங்குகிறோமோ அதே வேலையைச் செய்யவிடாமல் தயாரித்த பொருள் அது.

நீரின் பி.எச்.சும் இதற்கு எதிராகவே இருக்கும். பி.எச். ஆறரைக்கு மேலே இந்தத் துகளின் மேற்பரப்பு எதிர்மின் ஏறியது. ரியாக்டிவ் சாயமும் சல்ஃபோனேட் தொகுதிகளால் எதிர்மின் ஏறியது. பி.எச். 8-ல் இரண்டும் ஒன்றையொன்று தள்ளும். உப்பு அதிகமானால் துகள்கள் ஒன்றோடொன்று திரண்டு பரப்பு குறையும். திரளாத மீதி, வண்டலாகாமல் யு.எஃப். (நுண்வடிகட்டி) சவ்வுக்குப் போகும். கண்ணாடியிலோ எஃகிலோ பூசிவிட்டால் பிரிக்கும் தொல்லை இல்லை. ஆனால் நீர் அந்தப் பூச்சுக்கு வந்து தொட வேண்டும் என்பதால் வேகம் விழும், சில மாதங்களில் கடினநீர்ப் படிவம் பூச்சை மூடிவிடும்.

‘கண்ணுக்குத் தெரியும் ஒளியிலேயே வேலை செய்யும்’ என்று வரும் புதிய பொருள்களைச் சுருக்கமாகப் பார்த்துவிடலாம். கிராஃபிட்டிக் கார்பன் நைட்ரைடு 460 நானோமீட்டர் வரை ஒளியை எடுக்கிறது, ஆனால் அதன் வெற்றிடத்துக்கு நீரிலிருந்து நேராக ஹைட்ராக்சில் ரேடிக்கல் எடுக்கும் அளவு வலு இல்லை. துத்தநாக ஆக்சைடு அமிலத்திலும் கடுங்காரத்திலும் கரையும். காட்மியம் சல்ஃபைடு ஒளியில் தானே அரிபட்டு நீரில் காட்மியம் விடும். ஜீரோ டிஸ்சார்ஜ் நிலையத்தில் அதை நினைத்தும் பார்க்க வேண்டாம், கலப்பு உப்பில் போய்ச் சேரும்.

இவ்வளவு சொல்வதால் ஒளிவினையூக்கி வீண் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. கொள்ளளவு சிறியது, நிறமற்றது, உப்புக் குறைந்தது, மாசு மிகக் குறைந்த செறிவில் ஆனால் நச்சானது, வெயில் தாராளம் என்ற இடத்தில் அது சரியான கருவி. பூச்சிமருந்துக் கலன் அலசிய நீர், மின்சாரம் வராத ஊரின் சிறு குடிநீர் அமைப்பு, தன்னைத்தானே சுத்தம் செய்யும் கண்ணாடி எல்லாம் அந்த வகை. சாயநீர் இந்த நிபந்தனைகளில் ஒன்றைத் தவிர எல்லாவற்றிலும் தவறுகிறது. அந்த ஒன்று வெயில்.

## ஓசோன்

நிறத்துக்கு இதைவிட வேகமான ஆள் இல்லை. அசோ பிணைப்பைத் தேடிப் பிடித்து உடைக்கும். உயிரியல் தொட்டிக்குப் பின் லிட்டருக்கு 50 மி.கி. ஓசோன் என்றால் கன மீட்டருக்கு 50 கிராம். ஆக்சிஜன் தயாரிப்பும் சேர்த்து கிலோ ஓசோனுக்கு 12 முதல் 15 யூனிட் ஆகும் என்று வைத்தால், கன மீட்டருக்கு 0.6 முதல் 0.75 யூனிட். கசடு இல்லை, உப்பு ஏறாது. ஆனால் சி.ஓ.டி. அதிகம் இறங்காது. அதை எதிர்பார்த்து வாங்கினால் ஏமாற்றம்தான். உடைந்த துண்டுகளைப் பாக்டீரியா தின்னும் என்பதால், ஓசோனுக்குப் பின் இன்னொரு சிறு உயிரியல் படி வைத்தால் அந்தக் குறை பெருமளவு தீரும்.

சறுக்கல்கள் எல்லாம் இயந்திரப் பக்கம். குளிர்விக்கும் நீர் சூடாக இருந்தால் உற்பத்தி விழும், சித்திரை வெயிலில் இதைக் கண்கூடாகப் பார்க்கலாம். கழிவுநீரே 40 டிகிரியில் வந்தால் ஓசோன் கரைவதும் குறையும். காற்று சரியாக உலராமல் போனால் ஓசோன் உண்டாக்கும் மின்குழாய்க்குள் நைட்ரிக் அமிலம் உண்டாகும். சாதாரண ரப்பர் கேஸ்கெட் விரிசல் விட்டுப்போகும், டெஃப்லான் வேண்டும். சோப்பு மிச்சம் இருந்தால் தொட்டி நுரைத்து வழியும். தப்பும் வாயுவை மாங்கனீஸ் டை ஆக்சைடு வினையூக்கி வைத்த உடைப்பானில் விட்டாக வேண்டும். வேலை செய்யும் இடத்துக் காற்றில் 0.1 பி.பி.எம்.மைத் தாண்டக் கூடாது, சென்சார் கட்டாயம். கடல் உப்பில் புரோமைடு இருப்பதால் அது புரோமேட் ஆகும் என்பதையும் மறக்க வேண்டாம். மிச்ச ஓசோனைத் தீர்க்க ஆர்.ஓ.வுக்கு முன் பைசல்ஃபைட் டோசிங் வேண்டும்.

பொருந்தும் இடம்: நிறம்தான் தொல்லை, கசடுக்கு இடமில்லை, முதலீடு செய்ய முடியும், இயந்திரம் பராமரிக்க ஆள் உண்டு. உப்பு நீரைத் திரும்பக் குளியலுக்கு எடுக்கும்போது அதிலுள்ள நிறத்தைப் போக்கவும் ஃபென்டனைவிட இதுவே மேல். அவ்வளவு குளோரைடில் ஃபென்டன் திணறும்.

## புற ஊதா விளக்கும் பெராக்சைடும்

கலிஃபோர்னியாவின் ஆரஞ்சு கவுண்டியில் 2008 முதல் கழிவுநீரைக் குடிநீர் ஆதாரமாக்கும் நிலையம் இதைத்தான் பயன்படுத்துகிறது, அதுவும் ஆர்.ஓ.வுக்குப் *பின்*. கண்ணாடி போலத் தெளிந்த நீர் என்பதால் விளக்கொளி உள்ளே போகிறது. சாயநீரில் ஆர்.ஓ.வுக்கு முன் இதை வைத்தால் விளக்குக் குழாயை ஒட்டிய நீருக்கு மட்டும்தான் ஒளி கிடைக்கும். உங்கள் ஆர்.ஓ. நீர் மறுபடி சாயத்துக்குத்தான் போகிறது என்றால் இது தேவையே இல்லை.

## ஒரே பார்வையில்

| | ஃபென்டன் | ஃபோட்டோ-ஃபென்டன் | டைட்டானியம் டை ஆக்சைடு | ஓசோன் |
|---|---|---|---|---|
| நிறம் | நன்று | நன்று, நீர் தெளிந்தபின் வேகம் | மெதுவாக | மிக வேகம் |
| சி.ஓ.டி. | நன்று | மிக நன்று | கோட்பாட்டில் முழுதும், நடைமுறையில் பரப்பு போதாது | குறைவு |
| பி.எச். | 3 | 3 | நடுநிலைக்குக் கீழே நல்லது | வந்தபடியே |
| உப்பு நீர் | குளோரைடு கெடுக்கும் | குளோரைடு கெடுக்கும் | துகள் திரளும் | தாங்கும், புரோமேட் கவனம் |
| கசடு | அதிகம் | குறைவு | இல்லை, துகள் பிரிப்பு உண்டு | இல்லை |
| இடம் | குறைவு | அதிகம் | மிக மிக அதிகம் | குறைவு |
| இரவு, மழை | ஓடும் | இருட்டு ஃபென்டனாக ஓடும் | நிற்கும் | ஓடும் |
| முக்கியச் செலவு | அமிலம், பெராக்சைடு, கசடு | அமிலம், பெராக்சைடு, நிலம் | பவுடர், நிலம் | முதலீடு, மின்சாரம் |

எங்கள் தேர்வு இது. நாளுக்குச் சில நூறு கன மீட்டர் ஓட்டும் தனிப் பட்டறை, பிரஸ் இருக்கிறது என்றால்: முதலில் வெறும் உறைதல், போதாவிட்டால் ஃபென்டன். பெரிய பொது நிலையம் என்றால்: ஓசோனும் அதற்குப் பின் ஒரு உயிரியல் படியும். நிலம் சும்மா கிடக்கிறது, கசடை அனுப்பும் செலவுதான் கழுத்தை நெரிக்கிறது என்றால், ஃபென்டனுக்குப் பின் ஆழமில்லாத குட்டையில் ஃபோட்டோ-ஃபென்டனைச் சோதிக்கலாம். டைட்டானியம் டை ஆக்சைடு இந்த நீருக்கு வேண்டாம்.

## நானோ பவுடரோடு ஒருவர் வந்தால்

பெரும்பாலும் கையில் ஒரு பாட்டில் மெதிலீன் ப்ளூ இருக்கும். வெயிலில் வைத்துப் பத்து நிமிடத்தில் நீலம் போவதைக் காட்டுவார். அந்தச் சாயம் தானே ஒளியை உறிஞ்சிச் சிதையக்கூடியது. பவுடரில் ஒட்டிக்கொண்டும் நிறம் போகும். எலக்ட்ரான் வாங்கி நிறமற்ற வடிவத்துக்கும் மாறும். அப்படி மாறிய பாட்டிலைத் திறந்து காற்றுப்படக் குலுக்கினால் நீலம் திரும்பி வரும். அவர் முன்னிலையிலேயே குலுக்கிப் பாருங்கள்.

பிறகு உங்கள் சொந்த நீரில் நான்கு பீக்கர் வையுங்கள். ஒன்றில் பவுடர் போட்டு இருட்டில். ஒன்றில் பவுடர் இல்லாமல் வெயிலில். ஒன்றில் பவுடரும் வெயிலும், ஆனால் முதல் ஒரு மணி நேரம் இருட்டில் கலக்கிவிட்டு. இருட்டு பீக்கரிலேயே நிறம் போனால் அது வெறும் ஒட்டுதல், சில முறையில் பவுடர் நிறைந்து நின்றுவிடும். ஒவ்வொன்றையும் 0.2 மைக்ரான் வடிகட்டியில் எடுத்து 436, 525, 620 நானோமீட்டரில் நிறமும், சி.ஓ.டி.யும், முடிந்தால் டி.ஓ.சி.யும் (மொத்தக் கரிமக் கார்பன்) அளவெடுங்கள். வடிநீரை உலோகச் சோதனைக்கும் அனுப்புங்கள்.

நான்காவது பீக்கருக்கு, மூன்றாவதில் பயன்படுத்திய அதே பவுடரைக் கழுவாமல் எடுத்து, புது நீரில் ஐந்தாவது முறையாக ஓட்டுங்கள். விலை பேசும்போது மேசையில் இருக்க வேண்டியது அந்த ஐந்தாவது முறையின் எண்.